குடைக்கோரை வளர்ப்பு: வேர் தண்ணீரில், கழுத்து மேலே

தொட்டிச் செடி வளர்ப்பவர்களுக்கு முதலில் சொல்லித்தரப்படும் பாடம், மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது. குடைக்கோரையிடம் அந்தப் பாடம் செல்லாது. நர்சரிகளில் இதற்கு 'அம்ப்ரெல்லா பாம்' என்று அட்டை மாட்டியிருப்பார்கள். பனை வகை என்று நம்பி வாங்கிப்போய் வாரம் இரண்டு முறை ஊற்றினால் முதலில் இலை நுனி கருகும், பிறகு தண்டுகள் ஒவ்வொன்றாக வைக்கோல் நிறத்துக்கு மாறும். இது பனை அல்ல, கோரைக் குடும்பத்துச் செடி. தாவரவியல் பெயர் சைப்பரஸ் இன்வால்யூகிரேட்டஸ். பல நர்சரிகளில் சைப்பரஸ் ஆல்டர்னிஃபோலியஸ் என்ற பெயரிலும் கிடைக்கும். ஆப்பிரிக்காவின் ஆற்றங்கரைகளும் சதுப்பு நிலங்களும் இதன் பூர்வீகம்.

வாங்கும்போதே ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 'குடைச் செடி' என்ற பெயரில் ஷெஃப்ளெரா என்ற வேறொரு செடியும் விற்பனைக்கு வருகிறது. அதற்கு மரத்தண்டு, பளபளப்பான அகன்ற இலைகள். தண்ணீரில் நிறுத்தினால் அழுகிவிடும், பூனை நாய் தின்றால் அவற்றுக்கு நஞ்சு. குடைக்கோரைக்கு மரத்தண்டே கிடையாது. கிழங்கிலிருந்து பச்சைத் தண்டு நேராகக் கிளம்பி, உச்சியில் மட்டும் 12 முதல் 24 வரை ஒடுங்கிய இலைகளைக் குடைக்கம்பிபோல விரிக்கும். பூனை கடித்தாலும் அதற்குக் கேடில்லை. செடிதான் மொட்டையாகும்.

ஒரு தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இந்தச் செடியின் சங்கதி முழுவதும் புரியும். வெளியே பச்சைத் தோல், உள்ளே வெள்ளைப் பஞ்சு. அந்தப் பஞ்சு முழுக்க நுண்ணிய காற்றறைகள். இலையும் தண்டும் வாங்கும் காற்று இந்த வழியாகத்தான் கிழங்குக்கும் வேருக்கும் இறங்குகிறது. மற்ற செடிகளின் வேர் மண்ணிலுள்ள காற்றை நம்பி இருப்பதால் தண்ணீர் தேங்கினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். கோரையின் வேருக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் காற்று வரும் குழாயான தண்டு எப்போதும் தண்ணீருக்கு மேலே இருந்தாக வேண்டும். எவ்வளவு தண்ணீர் விடுவது, எங்கே வெட்டுவது, எவ்வளவு ஆழத்தில் நடுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் இதிலேயே விடை இருக்கிறது.

தொட்டியும் மண்ணும்

உயரமான தொட்டி வேண்டாம், அகலமானது வேண்டும். கிழங்கு பக்கவாட்டில்தான் ஓடும். மூன்று நான்கு தண்டுள்ள ஒரு தூருக்கு 25 முதல் 30 செ.மீ. விட்டமும் 20 முதல் 25 செ.மீ. ஆழமும் போதும். அடியில் ஓட்டை உள்ள தொட்டியில் நட்டு, அதைவிட 10 செ.மீ. அகலமான, ஓட்டையில்லாத டப்புக்குள் இறக்கி வைப்பதே சிறந்த ஏற்பாடு. ஓட்டையில்லாத தொட்டியில் நேரடியாக நட்டாலும் வளரும். ஆனால் உப்பு சேர்ந்தால் அலசி வெளியேற்ற வழியிருக்காது, நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியாது. இரட்டைத் தொட்டியில் அடியில் ஒரு செங்கல்லை வைத்தோ எடுத்தோ மட்டத்தைச் சரிசெய்துவிடலாம்.

தண்ணீருக்குள் மூழ்கும் தொட்டிக்குக் கனமான மண்தான் சரி. களிமண் கலந்த தோட்டத்து மண் 2 பங்கு, கழுவிய ஆற்று மணல் 1 பங்கு. கடையில் மூட்டையாக வரும் தேங்காய் நார்த்தூள் கலவையும் பீட் கலவையும் இதற்கு ஆகாது. தொட்டியை நீரில் இறக்கியதுமே நார்த்தூள் மிதந்து மேலே வந்துவிடும், மிச்சம் அடியில் புளித்து நாறும். மாட்டுச் சாணம், மண்புழு உரம், சமையலறைக் கழிவு எதையும் அடிமண்ணில் கலக்காதீர்கள். நீருக்கடியில் காற்றில்லாமல் மட்கும்போது அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உண்டாகும். அது வேரைக் கருக்கும், டப்பில் மீன் இருந்தால் அதற்கும் ஆபத்து. தொட்டியைத் தட்டில் தண்ணீர் வைத்து வீட்டுக்குள் வளர்ப்பதாக இருந்தால் மட்டும் சாதாரணத் தொட்டிக்கலவை போதும். அங்கே மண் மூழ்குவதில்லை.

நடும் முறை எளிது. தொட்டியில் முக்கால் பாகம் மண்ணை நிரப்பி ஈரமாக்கி நன்றாக அமுக்குங்கள். தூரை நடுவில் வைத்து, கிழங்கின்மேல் 2 முதல் 3 செ.மீ. மண் மூடும்படி நிரப்புங்கள். முளை நுனிகள் மண்ணுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். அதன்மேல் 1 செ.மீ. அளவுள்ள கழுவிய கூழாங்கல்லை 2 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். முளைகள் கிளம்பும் இடத்தில் மட்டும் கல் வேண்டாம். மண் கரைந்து தண்ணீர் கலங்காமலும் மீன்கள் கிளறாமலும் கல் தடுக்கும். டப்புக்குள் இறக்கும் முன் தொட்டிக்கு மேலிருந்து தண்ணீர் ஊற்றி முழுக்க நனையவிடுங்கள். பிறகு சற்றுச் சாய்த்தபடி மெதுவாக இறக்குங்கள், காற்றுக்குமிழிகள் பக்கமாக வெளியேறும். காய்ந்த மண்ணோடு நேராக அழுத்தி இறக்கினால் உள்ளே அடைபட்ட காற்று ஒரே மூச்சில் கிளம்பி மண்ணையும் செடியையும் தூக்கியெறிந்துவிடும்.

எவ்வளவு தண்ணீர்

புதிதாக நட்ட தூருக்கு நீர்மட்டம் மண்ணின் மேல்மட்டத்தோடு சமமாக இருக்கட்டும். புதுத்தண்டுகள் 20 செ.மீ. உயர்ந்ததும் மண்ணுக்கு மேல் 3 முதல் 5 செ.மீ. வரை உயர்த்தலாம். முதிர்ந்த தூர் 10 முதல் 15 செ.மீ. ஆழத்தையும் தாங்கும். ஆனால் தாங்குவது வேறு, செழிப்பது வேறு. ஆழம் கூடினால் ஒவ்வொரு புதுமுளையும் வெளிக்காற்றைத் தொடுவதற்கே தன் சேமிப்பைச் செலவழிக்கும். அடிநீர் குளிர்ந்தும் இருக்கும். குளத்தில் வைப்பதாக இருந்தால் கரையோரப் படியில், மேலே 5 செ.மீ. நீர் நிற்கும் இடத்தில் வையுங்கள்.

வீட்டுக்குள் தட்டில் வைத்தால் தட்டில் எப்போதும் 3 முதல் 5 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். நல்ல வெயில் காலத்தில் வளர்ந்த செடி ஒரே நாளில் தட்டைக் காலி செய்துவிடும். வெளியூர் போகிறீர்களென்றால் அகலமான தட்டை எடுத்துவிட்டு ஆழமான வாளியில் இறக்கிவிட்டுப் போங்கள். ஒரு வாரம் கூடுதல் தண்ணீரில் நிற்பதால் எந்தக் கேடும் வராது, இரண்டு நாள் காய்ந்தால் வரும்.

கொசுவை மறக்கக் கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட சிறு தேக்கங்களைத்தான் தேடி வரும். வெப்பமான காலத்தில் முட்டையிலிருந்து கொசு பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகவே தட்டுத் தண்ணீரை 5 நாளைக்கு ஒருமுறை முழுக்கக் கொட்டி, தட்டின் உள்விளிம்பைப் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் நீரில் மிதக்காமல் விளிம்பில் ஒட்டியிருக்கும், காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். பெரிய டப்பில் இது முடியாது. அங்கே நாலைந்து சிறு மீன்கள் விடலாம், அல்லது கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி.ஐ. பாக்டீரியா மருந்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவுக்குப் போடலாம். அது மீனுக்கும் செடிக்கும் தீங்கு செய்யாது.

வெளிச்சம், வெப்பம், உரம்

தினமும் 4 முதல் 6 மணி நேரம் நேர்வெயில் கிடைத்தால் தண்டு தடித்து நிமிர்ந்து நிற்கும். பாதி நிழலிலும் வளரும், தண்டுகளின் எண்ணிக்கைதான் குறையும். அறைக்குள் என்றால் வெளிச்சம் அதிகம் வரும் ஜன்னலை ஒட்டி வைத்து, வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்புங்கள். வெளிச்சம் போதாவிட்டால் தண்டு மெலிந்து நீண்டு ஒருபக்கம் சாயும். அப்படிச் சாய்ந்தது மறுபடி நிமிராது. உள்ளே வளர்ந்த செடியை வெளியே கொண்டுபோகும்போது 7 முதல் 10 நாள் நிழலில் வைத்துப் பழக்கிவிட்டு வெயிலுக்கு மாற்றுங்கள். காற்று அடித்து வீசும் இடம் வேண்டாம். பஞ்சுத் தண்டு ஒருமுறை மடங்கினால் மடிந்த இடத்துக்கு மேலே காய்ந்துபோகும்.

18 முதல் 30 டிகிரி செல்சியஸ் இதற்கு உகந்த வெப்பம். 10 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். உறைபனி பட்டால் மேற்பாகம் முழுக்கக் கருகும். குறைந்த பனியென்றால் கிழங்கு பிழைத்து வெப்பம் திரும்பியதும் துளிர்க்கும், மண்ணே உறைந்துபோனால் பிழைக்காது. குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்கள் பனி தொடங்கும் முன் தொட்டியை டப்பிலிருந்து தூக்கி உள்ளே வைத்துவிட வேண்டும். அப்போதும் மண் காயக் கூடாது. உரத்தை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

நீரில் நிற்கும் தொட்டிக்கு உரத்தை மேலே தூவவே கூடாது. அது தண்ணீரில் கரைந்து பாசியைத்தான் வளர்க்கும். நீர்த்தாவரங்களுக்கென்று விற்கும் 10 கிராம் உர மாத்திரைகளில் சமச்சீர் வகையை வாங்கிக்கொள்ளுங்கள். 10 லிட்டர் மண்ணுக்கு 2 மாத்திரை வீதம், மாதம் ஒருமுறை, வளரும் பருவத்தில் மட்டும். மாத்திரையைக் கல்லை விலக்கி, விரலால் 5 முதல் 8 செ.மீ. ஆழத்துக்கு மண்ணுக்குள் தள்ளி, துளையை மூடிவிட வேண்டும். தட்டில் வளரும் செடிக்குத் திரவ உரம் பாதி வீரியத்தில், 3 வாரத்துக்கு ஒருமுறை. அதிகம் கொடுத்தால் தண்டு உயர்ந்து துவளும்.

குடையைக் கவிழ்த்துப் புதுச்செடி எடுப்பது

ஆற்றங்கரையில் முதிர்ந்த தண்டு தலைபாரத்தால் சாய்ந்து நீரைத் தொடும். தொட்ட குடையிலிருந்தே வேரும் குருத்தும் கிளம்பும். அதையே நாம் ஒரு கிண்ணத்தில் செய்யப்போகிறோம்.

தேர்வுதான் பாதி வேலை. முழுக்க விரிந்த, நல்ல பச்சையான குடை வேண்டும். இப்போதுதான் விரியும் இளங்குடை அழுகிவிடும். ஓரம் மஞ்சளாகத் தொடங்கிய முதிர்குடைக்குத் தெம்பிருக்காது. குடைக்குக் கீழே 5 செ.மீ. தண்டு விட்டு வெட்டுங்கள். இலைகளைக் கத்தரியால் 5 செ.மீ. நீளத்துக்குக் கத்தரித்துவிடுங்கள். வேர் வரும் வரை செடி இழக்கும் ஈரத்தை இது குறைக்கும், கிண்ணத்திலும் அடங்கும். பூங்கொத்துகள் இருந்தால் அவற்றையும் நறுக்கிவிடலாம். இப்போது குடையைத் தலைகீழாகப் பிடித்து, இலைகள் தண்ணீரிலும் காம்பு மேல்நோக்கியும் இருக்குமாறு மிதக்கவிடுங்கள். முளைகள் இருப்பது இலைகள் ஒன்றுகூடும் நடுக்கணுவில். அந்தக் கணு நனைந்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். காம்பை நீரில் விட்டு நிமிர்த்தி வைத்தால் பல நாள் பச்சையாக இருக்குமே தவிர அடிக்காம்பிலிருந்து ஒரு வேரும் வராது. பூச்சாடியில் செருகுவதுபோல வைத்துப் பலர் ஏமாறுவது இங்கேதான்.

நேர்வெயில் படாத வெளிச்சம், 20 முதல் 25 டிகிரி வெப்பம், 3 நாளைக்கு ஒருமுறை புதுத்தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை இருந்தால் ஒரு இரவு திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். இரண்டாவது வாரத்தில் கணுவைத் திருப்பிப் பார்த்தால் இலையிடுக்குகளில் ஊசிமுனைபோன்ற வெளிர்பச்சைக் குருத்துகள் தெரியும். அவற்றின் அடியிலிருந்து வெள்ளை வேர்கள் இறங்கும். ஒரு குடையில் ஐந்தாறு குருத்துகள்கூட வரலாம். குருத்து 5 முதல் 8 செ.மீ.யும் வேர் 3 முதல் 4 செ.மீ.யும் ஆனதும் நடலாம். திருப்ப வேண்டாம். தண்ணீரில் இருந்த அதே கோலத்தில் கணுவை ஈரமண்ணில் அமர்த்தி, வேர்கள்மேல் மட்டும் மண் அணைத்து, பழைய காம்பை ஒட்ட வெட்டிவிடுங்கள். பழைய இலைகள் மண்மேல் கிடந்து தானாக மட்கட்டும். முதல் மாதம் மண் சேறாக இருந்தால் போதும், நீரில் மூழ்கடிக்காதீர்கள்.

வெள்ளைக்கோடு போட்ட ரகத்தில் இந்த முறைக்கு உத்தரவாதம் இல்லை. வரும் கன்றுகளில் சில முழுப்பச்சையாக மாறிவிடும். பச்சைத் தண்டுகளுக்கு வேகம் அதிகம் என்பதால், விட்டுவைத்தால் கோடுபோட்டதை அமுக்கிவிடும். பார்த்தவுடன் அடியோடு எடுத்துவிடுங்கள். முழுவெள்ளையாக வரும் கன்றில் பச்சையமே இல்லாததால் தனியே பிரித்து நட்டால் நிற்காது.

பாப்பிரஸ் எனப்படும் பெரிய உறவினரிடம் (சைப்பரஸ் பாப்பிரஸ், 3 முதல் 5 மீட்டர் வளரும்) இந்த வித்தையை நம்ப வேண்டாம். அதைக் கிழங்கு பிரித்துத்தான் பெருக்க வேண்டும். அதற்குத் தொட்டியும் 50 செ.மீ.க்கு மேல் வேண்டும், குளிரும் ஆகாது. சிறிய டப்புக்கு 60 முதல் 90 செ.மீ. வளரும் சைப்பரஸ் புரோலிஃபர் பொருத்தமானது. அது குடையிலிருந்தும் துளிர்க்கும்.

தூர் பிரித்தல்

2 அல்லது 3 ஆண்டில் தொட்டி நிறைந்துவிடும். பிளாஸ்டிக் தொட்டி முட்டை வடிவத்துக்குப் பிதுங்குவதும், நடுப்பகுதி காய்ந்து ஓரத்தில் மட்டும் புதுத்தண்டு வருவதும் அறிகுறிகள். வெப்பம் ஏறத் தொடங்கும் பருவத்தில் பிரிப்பது நல்லது. தண்டுகளை 15 செ.மீ.க்குக் குறைத்துவிட்டுத் தூரை வெளியே எடுங்கள். கையால் பிரியாது. பல்லுள்ள பழைய கத்தியோ சிறு ரம்பமோ வேண்டும். ஓரத்துக் கிழங்குகளில் 3 முதல் 5 முளை இருக்கும்படி துண்டு போட்டு, வேரை மூன்றில் ஒரு பங்கு நறுக்கி, மேலே சொன்னபடி நடுங்கள். கட்டையாகிப்போன நடுப்பகுதி வேண்டாம். இலை ஓரங்கள் சொரசொரப்பாக இருந்து தோலைக் கீறும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இதே சமயம் மண்ணைக் கழுவிப் பார்ப்பது நல்லது. வயலில் களையாக வரும் சாதாரணக் கோரை நர்சரி மண்ணோடு கூடவே வந்திருக்கலாம். அதன் இலைகள் அடியிலிருந்தே நீண்டு பளபளப்பாகக் கிளம்பும், மண்ணுக்குள் கருப்பான சிறு கிழங்குகள் நூல்போன்ற வேரில் கோத்திருக்கும். குடைக்கோரையின் புதுமுளையோ இலையில்லாமல் ஈட்டிபோல வரும், அடியில் செம்பழுப்பு உறை மட்டும் இருக்கும். களைக்கோரைக் கிழங்கு ஒன்று மிஞ்சினாலும் திரும்ப வந்துவிடும், பொறுமையாக ஒவ்வொன்றாக எடுங்கள்.

எது கெட்டால் எப்படித் தெரியும்

நுனி பழுப்பாவதுதான் அதிகம் வரும் புகார். இதற்குக் காரணம் ஒன்றல்ல, எந்த இலைகள் என்று பார்த்தால் பிரித்தறியலாம். பழைய தண்டில் மட்டும் குடை முழுவதும் மஞ்சளாகிக் காய்ந்தால் அது வயது. ஒரு தண்டு ஒரு பருவம்தான் இருக்கும், வெட்டிய தண்டு மறுபடி வளராது, பக்கத்தில் புதியது வரும். புது இலைகளிலும் நுனி கருகி, மண்மேல் அல்லது தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் உப்பு. தொட்டியை வெளியே எடுத்து, அதன் கொள்ளளவைப்போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி அடியோட்டை வழியே வடியவிடுங்கள். உப்புத்தண்ணீர்தான் கிடைக்குமென்றால் இதை மாதம் ஒருமுறை செய்ய வேண்டும், மழைநீர் சேமித்தால் இன்னும் நல்லது. பொருக்கு இல்லாமல், ஏசி அறையிலோ ஹீட்டர் அருகிலோ இருக்கும் செடியில் நுனி கருகினால் வறண்ட காற்று. இடத்தை மாற்றுங்கள்.

எல்லாத் தண்டும் ஒரே நேரத்தில் துவண்டு வைக்கோலானால் ஒருமுறை முழுக்கக் காய்ந்திருக்கிறது. தூக்கிப்போட அவசரப்பட வேண்டாம். எல்லாவற்றையும் மண்ணிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட்டு, நீர்மட்டத்தை மண்மட்டத்தில் நிறுத்துங்கள். கிழங்கு அழுத்தினால் கெட்டியாக இருக்கும்வரை உயிர் உண்டு. வெப்பமான காலமென்றால் 3 அல்லது 4 வாரத்தில் முளை தெரியும்.

பொதுவாக எந்த வெட்டாக இருந்தாலும் நீர்மட்டத்துக்கு மேலேதான் வெட்ட வேண்டும். நீருக்கடியில் வெட்டினால் காற்றறைகள் வழியாகத் தண்ணீர் இறங்கிக் கிழங்கு அழுக இடம் கொடுக்கும். ஒன்றிரண்டு தண்டில் தப்பிவிடும். எல்லாத் தண்டையும் மூழ்க வெட்டினால் கிழங்குக்குக் காற்று வர வழியே அடைபடும்.

புது இலை வெளிர்ந்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை, பெரும்பாலும் காரத்தன்மை மிகுந்த தண்ணீரால் வருவது. கரையும் இரும்புச்சத்து உரம் சிறிதளவு உதவும். மொத்தச் செடியும் வெளிர்ந்து தண்டு மெலிந்தால் பசி, அதாவது உரம் போதவில்லை.

வறண்ட காலத்தில் செம்பேன் வரும். இலையில் ஊசிக்குத்துபோல மஞ்சள் புள்ளிகள், குடையின் நடுவில் மெல்லிய நூலாம்படை. இந்தச் செடிக்கு ஒரு வசதி உண்டு, தலையை முக்கி எடுக்கலாம். மண் கொட்டாமல் தொட்டி வாயைத் துணியால் கட்டி, செடியைக் கவிழ்த்து, குடைகளை வாளித் தண்ணீரில் ஒரு நிமிடம் அலசுங்கள். 4 நாள் இடைவெளியில் மூன்று முறை செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மாவுப்பூச்சி இலைகள் கூடும் கணுவில் பஞ்சுபோல ஒளிந்திருக்கும். 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் தொட்டெடுங்கள். சோப்புக் கரைசல் தெளிப்பதாக இருந்தால் தொட்டியை டப்பைவிட்டு வெளியே எடுத்துத் தெளித்து, நன்றாகக் கழுவிய பிறகே திரும்ப வையுங்கள். சோப்பு மீனைக் கொல்லும்.

மிஞ்சியதை எங்கே போடுவது

குடைக்கோரை ஆஸ்திரேலியா, ஃபுளோரிடா, ஹவாய் போன்ற இடங்களில் தோட்டத்திலிருந்து தப்பி நீரோடைகளில் பரவியிருக்கிறது. விதையாலும் பரவும், நீரில் மிதந்துபோகும் கிழங்குத் துண்டாலும் குடையாலும் பரவும். பூங்கொத்து பழுப்பாகும் முன்பே குடையை வெட்டிவிட்டால் விதை விழாது. பக்கத்துத் தொட்டிகளில் மூன்று பக்கமாக இலை விரியும் நாற்றுகள் தெரிந்தால் அவை இதன் விதையில் வந்தவையாக இருக்கலாம், சிறிதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். தூர் பிரித்து மிஞ்சிய கிழங்குகளை ஏரி, வாய்க்கால், சாக்கடை எதிலும் போடாதீர்கள். ஈரத்தோடு உரக்குழியில் போட்டால் அங்கேயும் முளைக்கும். சிறு துண்டுகளாக வெட்டி, தளத்தில் வெயிலில் பரப்பி, ஒடித்தால் சடக்கென்று முறியும் அளவுக்குக் காய்ந்த பிறகு உரக்குழியில் சேருங்கள்.